உயர்கல்வியும் ஆங்கிலச் சொல்வளமும்

தாய்மொழி வாயிலாகப் பள்ளிக் கல்வியை முடித்து, ஆங்கில நூல்களின் துணையோடு முதுநிலைப் படிப்பைத் தொடரும் மாணவர் நம் நாட்டில் மிகப் பலர். பாடத்தைப் புரிந்துகொள்ளும் ஆற்றல் அவர்களிடம் உண்டு. எனினும், நூலின் ஒவ்வொரு பக்கத்திலும் பத்துப் பதினைந்து சொற்கள் குறுக்கே நிற்குமாயின் அவ்வாற்றல் வெளிப்பட வழியில்லை. சொற்குறை அறிவுக் குறையாகக் கருதப்படுகிறது. தேர்விலும் நேர்முகத்திலும் வாய்ப்புகள் கைநழுவுகின்றன. எனவே உயர்நிலை ஆங்கிலச் சொல்வளம் என்பது மொழிப் பாடத்தோடு நின்றுவிடும் செய்தியன்று. அது சமவாய்ப்பைப் பற்றிய வினாவும் ஆகும்.

இவ்வினாவை ஆராய்வதற்கு மைசூரு பொருத்தமான களமாகும். 1916-இல் தோன்றிய மைசூர்ப் பல்கலைக்கழகம் 1946-இல் ஆங்கில-கன்னட அகராதி ஒன்றை வெளியிட்டது. 1969 ஜூலை 17 அன்று மத்திய அரசு நிறுவிய இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனமும் இந்நகரிலேயே உள்ளது. உயர்கல்வியில் ஆங்கிலம் ‘நூலக மொழி’யாகப் பயன்பட வேண்டும் என்று கோத்தாரி கல்விக் குழு 1966-இல் பரிந்துரைத்தது. அந்நூலகத்தின் கதவைத் திறக்கும் திறவுகோல் சொல்வளமே.

மூன்று அடுக்குகள்

ஆங்கிலச் சொற்களை மூன்று அடுக்குகளாகப் பகுத்துக் காணலாம். முதலாவது, அன்றாட வழக்கில் உள்ள ஏறத்தாழ 2,000 அடிப்படைச் சொற்கள். டாக்காவில் ஆசிரியர் பயிற்சிப் பணியாற்றி, வங்க மாணவரின் வாசிப்புச் சிக்கலை ஆராய்ந்த மைக்கேல் வெஸ்ட் இத்தகைய பட்டியல் ஒன்றை 1953-இல் வெளியிட்டார். மூன்றாவது அடுக்கு, அந்தந்தத் துறைக்கே உரிய கலைச்சொற்கள்.

இடையில் உள்ள இரண்டாம் அடுக்கே சிக்கலுக்குரியது. ‘அஸ்யூம்’ (எனக் கொள்ளுதல்), ‘டெரைவ்’ (வருவித்தல்), ‘இன்டர்ப்ரெட்’ (பொருள்கொள்ளுதல்) போன்ற சொற்கள் கடைத்தெருவில் வழங்குவதில்லை. எந்த ஒரு துறைக்கும் தனியுரிமையானவையும் அல்ல. ஆயினும் பொருளியல், உயிரியல், சட்டம் ஆகிய எல்லா நூல்களிலும் இவை பயின்று வருகின்றன. நியூசிலாந்தைச் சேர்ந்த அவெரில் காக்ஸ்ஹெட் 2000-ஆம் ஆண்டில் இத்தகைய 570 சொற்குடும்பங்களைத் தொகுத்தார். அவர் ஆராய்ந்த கல்விசார் நூல்களில் ஏறத்தாழ பத்துச் சொற்களுக்கு ஒரு சொல் இப்பட்டியலைச் சேர்ந்ததாக இருந்தது.

பொருளியல் ஆசிரியர் பணவீக்கம் என்னும் கலைச்சொல்லை விளக்குவார். ‘அஸ்யூம்’ என்பதை மாணவர் அறிந்திருப்பார் என்று எண்ணுவார். ஆங்கில ஆசிரியரோ அதனைத் துறை நூலுக்குரிய சொல் என்று விட்டுவிடுவார். இவ்வாறு இடையடுக்குச் சொற்கள் எவராலும் கற்பிக்கப்படாமல் போகின்றன. ஆங்கில நாளிதழும் நூல்களும் உள்ள இல்லங்களில் வளரும் பிள்ளைகள் இவற்றைத் தாமாகவே பெறுகின்றனர். ஏனையோர்க்கு அவ்வாய்ப்பு இல்லை.

கற்கும் முறை

ஒரு பக்கத்தில் 300 சொற்கள் உள்ளன எனக் கொள்வோம். அவற்றுள் நூற்றுக்கு 95 தெரிந்திருப்பினும் 15 சொற்கள் தெரியாதவையாக நிற்கும். நூற்றுக்கு 98 தெரிந்திருந்தால் இடர் தரும் சொற்கள் ஆறே. பிறர் துணையின்றிப் படித்துணர்வதற்கு இந்த 98 விழுக்காட்டு அளவே தேவை என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. நாளிதழையும் புதினத்தையும் இந்த அளவில் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் வேண்டும் என்று பால் நேஷன் 2006-இல் கணக்கிட்டார். இத்துணைச் சொற்களையும் அகராதியைப் பார்த்து மனனம் செய்வது அரிது. முறையாகத் தேர்ந்து கற்பதே பயன் தரும்.

முதற்கண், அடிக்கடி வரும் சொற்களை முன்னதாகக் கற்க வேண்டும். நாளொன்றுக்கு மூன்று சொற்குடும்பங்கள் வீதம் கற்பின் 570 குடும்பங்களையும் 190 நாட்களில் முடிக்கலாம். இது ஒரு கல்வியாண்டிற்குள் அடங்கும் பணியே.

இரண்டாவதாக, சொல்லின் உறுப்புகளை அறிதல் வேண்டும். உயர்நிலை ஆங்கிலச் சொற்களுள் பெரும்பாலானவை இலத்தீன், கிரேக்க வேர்களிலிருந்து பிறந்தவை. ‘ஸ்பெக்ட்’ என்னும் உறுப்பு பார்த்தலைக் குறிக்கும். அது ‘ப்ராஸ்பெக்ட்’ என்பதில் முன்னோக்கு. ‘ரெட்ராஸ்பெக்ட்’ என்பதில் பின்னோக்கு. ‘இன்ட்ராஸ்பெக்ட்’ என்பதில் உள்நோக்கு. கன்னடத்தில் உள்ள முன்னோட்ட, ஹின்னோட்ட, ஒளநோட்ட ஆகிய சொற்களின் அமைப்பும் இத்தகையதே. தம் மொழியில் சொல் பிறக்கும் முறையை நன்கறிந்த மாணவர்க்கு இவ்வமைப்பு புதிதன்று. தாய்மொழிக் கல்வி ஆங்கிலச் சொல்வளத்திற்குத் தடை என்னும் கருத்து பொருந்தாது என்பதற்கு இதுவே சான்று.

மூன்றாவதாக, சொல்லை வாக்கியத்தோடு கற்க வேண்டும். ‘சிக்னிபிகன்ட்’ என்பது பொது வழக்கில் முக்கியமானது எனப் பொருள்படும். புள்ளியியலில், தற்செயலால் விளைந்தது என எளிதில் ஒதுக்க இயலாத முடிவைக் குறிக்கும். ஒரே பொருளை மட்டும் மனனம் செய்தவர் இங்கே இடறுவர்.

நான்காவதாக, கற்றதை இடைவெளி விட்டு மீண்டும் நினைவுகூர வேண்டும். மறுநாள், ஒரு வாரம் கழித்து, ஒரு திங்கள் கழித்து எனப் பொருளை மறைத்துவைத்துத் தம்மையே சோதித்துக்கொள்வது, ஒரே நாளில் பன்முறை படிப்பதினும் நிலைத்த பயன் தரும். கற்ற சொல்லைத் தம் பாடக் கட்டுரைகளில் எழுதிப் பழகுதலும், எளிதிலிருந்து அரிதிற்குச் செல்லும் தொடர்ந்த வாசிப்பும் இதனோடு சேர வேண்டும்.

நிறுவனங்களின் கடமை

இப்பணியை மாணவர் தலையில் மட்டும் சுமத்துதல் முறையன்று. மைசூருவில் உள்ள தென்மண்டல மொழி மையம் பிற மாநில ஆசிரியர்களுக்குத் தென்னக மொழிகளைப் பத்து மாதப் பயிற்சியில் கற்பித்து வந்துள்ளது. வயது வந்தோரும் படிமுறைப் பயிற்சியால் புதிய மொழியைக் கற்க இயலும் என்பதை அது காட்டுகிறது. முதுநிலை முதலாண்டில் வாரம் இரு மணி நேரத்தை இடையடுக்குச் சொற்களுக்கு ஒதுக்கினால், பெருஞ்செலவின்றியே மாணவர் பயன்பெறுவர். துறை ஆசிரியரும் மொழி ஆசிரியரும் கூடித் தத்தம் பாடநூல்களிலிருந்து சொற்பட்டியலை உருவாக்கலாம். ஒவ்வொரு சொல்லுக்கும் தாய்மொழி விளக்கம் தரலாம். நடுவண் நிறுவனத்தின் வாயிலாக 2016-இல் தொடங்கப்பெற்ற பாரதவாணித் திட்டம் இந்திய மொழி அகராதிகள் பலவற்றை இணையத்தில் கட்டணமின்றி வழங்குவதால், விளக்கம் எழுதுவோர்க்கு வேண்டிய கருவியும் கைக்கெட்டும் தொலைவில் உள்ளது.

பாசன நீர் கால்வாயின் தலைமடையில் மட்டும் தேங்கி நின்றால் கடைமடை வயல் விளையாது. சொற்செல்வமும் அத்தகையதே. சிற்றூர்ப் பள்ளியிலிருந்து வரும் மாணவர்க்கும் அது சென்று சேர்ந்தால்தான் உயர்கல்விக்கு நாடு செய்யும் செலவு முழுப் பயனை அளிக்கும்.