அறுபது குதிரைத்திறனில் ஒரு பந்தயம்

கார் பந்தயம் என்றாலே கோடிகள் புரளும் விளையாட்டு என்று நினைக்கிறோம். ஃபார்முலா ஒன்னைப் பொறுத்தவரை அது உண்மைதான். ஆனால் வாரம் முழுக்க வேறு வேலை பார்ப்பவர்கள், சனி ஞாயிறில் தங்கள் காருக்குப் பின்னால் டிரெய்லரில் ரேஸ் காரைக் கட்டி இழுத்துப்போய் ஓட்டும் பந்தயங்களும் உண்டு. ஒற்றை இருக்கை, மூடாத சக்கரங்கள் என்று கார் அசல் ரேஸ் கார்தான். இந்த வகையில் அரை நூற்றாண்டுக்கு மேல் தாக்குப்பிடித்து நிற்பது ஃபார்முலா வீ.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஃபோக்ஸ்வேகன் விற்றுக்கொண்டிருந்த ஹியூபர்ட் பிரண்டேஜ், பீட்டில் காரின் பாகங்களைக் கொண்டு ஒரு பந்தயக் கார் செய்து தரும்படி 1959-இல் இத்தாலியின் நார்டி பட்டறையிடம் கேட்டார். அதிலிருந்து பிறந்த பிரிவை 1963-இல் எஸ்சிசிஏ என்ற அமெரிக்க அமைப்பு முறைப்படி ஏற்றது. எஞ்சின், கியர்பாக்ஸ், முன் அச்சு எல்லாம் பீட்டிலுடையவை. இரும்புக் குழாய்களைப் பற்றவைத்த சட்டகமும் மேலே மூடும் ஃபைபர் கூடும்தான் கட்டுபவரின் கைவேலை.

பீட்டிலில் எஞ்சின் கியர்பாக்ஸுக்கும் பின்னால், வால்பக்கம் தொங்கும். எடை அப்படிப் பின்னால் கிடந்தால் வளைவில் வண்டி சுழன்றுவிடும். அதனால் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்து அப்படியே திருப்பி, எஞ்சினை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் கொண்டுவருகிறார்கள். திருப்பினால் சக்கரம் எதிர்த்திசையில் சுற்றும். முன்னே போக ஒரு கியர், பின்னே போக நான்கு கியர் என்றாகிவிடும்! கியர்பாக்ஸைப் பிரித்து உள்ளே இருக்கும் பெரிய பல்சக்கரத்தை மறுபக்கம் மாற்றிப் பொருத்தினால் சரியாகிவிடுகிறது. புதிய பாகம் எதுவும் வாங்க வேண்டியதில்லை.

பின் அச்சுதான் பெரிய தலைவலி. அதன் இரண்டு பாதிகளும் கியர்பாக்ஸ் அருகே மட்டும் மடங்கும். வேகமாகத் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடிந்து, வண்டியின் பின்பகுதியைத் தூக்கிவிடப் பார்க்கும். இதற்குப் பந்தயக்காரர்கள் கண்டுபிடித்த வழி, இரு பக்கத்துக்கும் பொதுவாக ஒரே ஸ்பிரிங்கைக் குறுக்கே போடுவது. இரண்டு சக்கரங்களும் ஒன்றாக மேலேறினால் அது அமுங்கும். ஒன்று ஏறி மற்றொன்று இறங்கினால் கண்டுகொள்ளாது. வளைவில் வண்டி சாயாமல் தடுக்கும் பொறுப்பு முழுவதும் முன் அச்சின் தலையில் விழுகிறது. அழகான வடிவமைப்பு என்று சொல்ல மாட்டேன், சாமர்த்தியமானது.

அமெரிக்க விதிப்படி எஞ்சின் 1200 சிசி. பந்தயத்துக்கென்று பக்குவப்படுத்திய பிறகும் சுமார் 60 குதிரைத்திறன்தான் கிடைக்கும். இன்றைய ஸ்விஃப்ட் காரில் இதைவிட அதிகம். ஆனால் ஓட்டுநரையும் சேர்த்து வண்டியின் எடை 500 கிலோவைத் தொடாது. இறக்கைகள் பொருத்தத் தடை. எல்லோருடைய வண்டியும் ஏறக்குறைய ஒன்றே என்பதால், முன்னால் போகும் வண்டி கிழித்துவிட்ட காற்றில் ஒட்டிக்கொண்டு போய்க் கடைசி நொடியில் முந்துவதுதான் இங்கே ஆட்டம். தேவையில்லாமல் பிரேக்கைத் தொட்டால் இழந்த வேகத்தை மீட்க எஞ்சினில் தெம்பு கிடையாது. பணத்தால் வாங்கக்கூடிய வேகத்தை விதிப்புத்தகம் இப்படி ஒவ்வொன்றாக அடைத்துவிடுகிறது. செலவு குறைய அதுவே காரணம். போட்டி சூடாக இருக்கவும் அதுவே.

பிரிட்டனில் இதை நடத்துவது 750 மோட்டார் கிளப். ஆஸ்டின் 7 என்ற சின்னக் காரின் பிரியர்கள் 1939-இல் தொடங்கியது. அந்நாட்டுப் பந்தயங்களில் புதிதாக வருபவர் வண்டியின் பின்னால் மஞ்சள் சதுரத்தில் கறுப்புப் பெருக்கல்குறி ஒட்ட வேண்டும், நம் ஊர் ‘எல்’ போர்டு மாதிரி. பின்னாளில் உலக சாம்பியன்களான எமர்சன் ஃபிட்டிபால்டி, நிக்கி லௌடா, கேகே ராஸ்பெர்க் மூவரும் ஃபார்முலா வீ ஓட்டியவர்கள்.

இதே கணக்கைக் கோயம்புத்தூரில் போட்டுப் பார்த்தவர் எஸ். கரிவரதன். பீட்டிலுக்குப் பதில் அவர் எடுத்துக்கொண்டது மாருதி 800-இன் எஞ்சின். அவர் உருவாக்கிய ஃபார்முலா மாருதியை ஸ்ரீபெரும்புதூரில் ஓட்டித் தொடங்கிய நரேன் கார்த்திகேயன், 2005-இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரானார். கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் இறந்தார். செட்டிபாளையம் பந்தயப் பாதைக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அங்கே ஓடும் எல்ஜிபி ஃபார்முலா 4 வண்டிகளிலும் மாருதி எஞ்சின்தான்.