பேசும் திரையும் பேசாத் தமிழும்

முன்னுரை

கற்றலுக்குக் கண்ணே வாயில் என்பர். ஆயினும், வள்ளுவப் பெருந்தகை கல்விக்கு மட்டுமன்றிக் கேள்விக்கும் தனி அதிகாரம் வகுத்தார். இன்று பார்வையற்ற மாணவர்க்கு அக்கேள்விச் செல்வத்தை வழங்குவது திறன்பேசியாகும். பிறர் வந்து படித்துக் காட்டும்வரை காத்திருந்த நிலை மாறி, விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் செல்லும் பேருந்திலும் அவர்கள் பாடங்கேட்க இயல்கிறது. அக்குரல் திடீரென நின்றால் நூலே மூடப்பட்டதாகிவிடும். தேர்வுக்கு முந்தைய இரவில் நின்றால் இழப்பு சொல்லுந்தரமன்று. ஆகவே, அக்குறை நீக்கும் வழிகளை ஈண்டுக் காண்போம்.

இருவேறு கருவிகள்

திரையில் உள்ளதை அறிந்து சொல்வது திரைவாசிப்பான். எழுத்தை ஒலியாக்குவது பேச்சுப்பொறி. ஆண்டிராய்டில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர் என்னும் வாசிப்பான்கள் 2009ஆம் ஆண்டில் வந்தன. வாசிப்பான் செவ்வனே இயங்கினும், பொறி பழுதுற்றால் குரல் எழாது. இவ்வேறுபாட்டை அறிந்தால் பாதிச் சிக்கல் தீரும்.

குறைகளும் தீர்வுகளும்

முதலாவது, ஒலியளவு. ஆண்டிராய்டில் வாசிப்பானின் ஒலியளவு, பாட்டு, அழைப்புமணி ஆகியவற்றின் ஒலியளவினின்றும் வேறானது. திரையைத் தொட்டு, அது பேச முயலும் வேளையில் ஒலிப்பொத்தானை அழுத்தி உயர்த்துதல் வேண்டும். ஐபோனில் மூவிரலால் இருமுறை தட்டினால் பேச்சு அடங்கும்; மீண்டும் அவ்வாறே தட்டினால் எழும்.

இரண்டாவது, பேச்சுப்பொறி. மென்பொருள் புதுப்பிக்கப்பட்டபின் பொறி மாறிவிடுவதுண்டு. செட்டிங்ஸில் எழுத்தைப் பேச்சாக்கும் பகுதிக்குச் சென்று, தமிழறிந்த பொறியைத் தேர்ந்தெடுத்து, தமிழ்க்குரல் தரவையும் இறக்கிக்கொள்ளல் வேண்டும். இறக்குங்கால் இணையம் தேவை. பின்னர் இணையமின்றியும் அக்குரல் இயங்கும். ஆங்கிலக் குரல் மட்டுமே இருப்பின், தமிழ் வரிகளை வாசிப்பான் வாளா கடந்துவிடக் கூடும்.

மூன்றாவது, வேகம். பழகியவர்கள் மிக விரைந்த குரலையே விரும்புவர். நமக்கு விளங்கவில்லை என்பதற்காக அதனைக் குறைத்தல் உதவியாகாது. அவரைக் கேட்டே எதனையும் மாற்றுக.

உதவும் நண்பர்கள் மற்றொன்றையும் அறிதல் நன்று. வாசிப்பான் இயங்கும்போது ஒருமுறை தொட்டால் தெரிவு மட்டுமே நிகழும். இருமுறை தட்டினால்தான் செயல் நிகழும். இஃதறியாதார் பேசி பழுதென்று மயங்குவர்.

எழுத்துருச் சிக்கல்

அனைத்தும் சரியாயிருந்தும், சில பாடக்குறிப்புகளை வாசிப்பான் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக ஒலிக்கும். இங்குக் குறை பேசியிலன்று, எழுத்துருவில் உள்ளது. பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் கண்ணுக்குத் தமிழ் தோன்றும். உள்ளே இருப்பன ஆங்கிலக் குறிகளே. ஒருங்குறியில் தமிழெழுத்துகளுக்கெனத் தனியிடம் உண்டு. தமிழக அரசு 2010ஆம் ஆண்டில் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. பழைய கோப்புகளை எழுத்துரு மாற்றியால் ஒருங்குறியாக்கலாம். அவ்வாறே, கையெழுத்துக் குறிப்பை நிழற்படமாக அனுப்பினால் வாசிப்பானுக்கு அது வெறும் படமே.

முடிவுரை

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 கல்வியில் சமவாய்ப்பை வலியுறுத்துகிறது. சட்டம் வழிகாட்டும், நடத்தல் நம் கடன். ஆசிரியப் பெருமக்கள் குறிப்புகளை ஒருங்குறியில் வழங்குவாராக! மாணவ நண்பர்கள் இச்சிறு பழுதுநீக்கும் முறைகளைக் கற்றுத் தோழர்க்குத் துணைநிற்பாராக! ஊர்ப் பெரியோர் இத்தகு பிள்ளைகளின் பேசிக்கும் இணையத்துக்கும் உதவுவாராக! கண்ணுள்ளார் கற்கும் தமிழ் அனைத்தும் செவிவழிக் கற்பார்க்கும் குறைவின்றிச் சென்றடைதல் வேண்டும்.