வைரம் மாறும், தங்கம் மாறாது

பெங்களூரில் அல்சூரை ஒட்டியிருக்கும் ஜோகுபாளையத்தில் தமிழ்க் குடும்பங்களுக்குக் குறைவில்லை. அங்கே ஒரு வீட்டில் நிச்சயதார்த்தம் என்றால் வெற்றிலை பாக்கு, பழம், பூ, புடவை வைத்த தட்டுகள் முதலில் கைமாறும். பிறகு பெண்ணும் பிள்ளையும் மோதிரம் மாற்றிக்கொள்வார்கள். தட்டு இரண்டு குடும்பங்களின் சம்மதம்; மோதிரம் அந்த இருவரின் சம்மதம். நம் இந்துக் குடும்பங்களுக்கு இந்த மோதிரம் மாற்றுதல் பிற்காலத்தில் வந்து சேர்ந்தது. கல்யாணத்தில் மோதிரத்துக்கு நாம் கொடுத்திருந்த இடம் வேறு. தண்ணீர்க் குடத்தில் அதைப் போட்டு, மணமக்கள் இருவரையும் கைவிட்டுத் துழாவச் சொல்வார்கள். சுற்றி நிற்கிறவர்கள் ஆளுக்கொரு கட்சி சேர்ந்து கூச்சல் போடுவார்கள். சுத்தத் தங்கம் தண்ணீரைவிட 19 மடங்கு அடர்த்தியானது. போட்ட நொடியில் அடியில் போய் உட்கார்ந்துவிடும்.

நிச்சய மோதிரம் பற்றிய பழைய எழுத்துச் சான்று ரோமிலிருந்து கிடைக்கிறது. மணம் பேசிய பெண்ணுக்குக் கல் பதிக்காத இரும்பு மோதிரம் அனுப்பும் வழக்கம் தன் காலத்திலும் இருப்பதாக முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதினார். இடக்கை மோதிர விரலிலிருந்து இதயத்துக்கு ஒரு மெல்லிய நரம்பு தனியாக ஓடுகிறது என்ற நம்பிக்கையும் அந்த உலகத்தைச் சேர்ந்ததுதான். உண்மையில் எந்த விரலுக்கும் அப்படித் தனிப்பாதை இல்லை. ஐந்து விரல்களின் ரத்தமும் புறங்கை நாளங்களில் கலந்துதான் மேலேறுகிறது.

வைரம் பின்னால் வந்தது. 1477இல் ஆஸ்திரிய இளவரசர் மாக்ஸிமிலியன், பர்கண்டி இளவரசி மேரிக்கு வைர மோதிரம் கொடுத்ததைப் பலரும் தொடக்கமாகச் சொல்வார்கள். அந்தக் காலத்தில் ஐரோப்பாவுக்கு வைரம் போனது நம் நாட்டிலிருந்துதான். 1860களின் கடைசியில் தென்னாப்பிரிக்காவில் வைரம் ஏராளமாகக் கிடைக்கத் தொடங்கியதும் அரிய கல் என்ற பெயருக்கே ஆபத்து வந்தது. 1947இல் டி பியர்ஸ் நிறுவனத்துக்காக ஃபிரான்சஸ் ஜெரெட்டி என்ற பெண் எழுதிய விளம்பர வாசகம், வைரத்தை நிரந்தரத்தின் அடையாளமாக உலகத்தின் மனத்தில் பதித்துவிட்டது.

வேதியியல் அதை ஒப்புக்கொள்ளாது. வைரம் வெறும் கார்பன். பூமிக்கடியில் பெரும் அழுத்தத்தில் உருவானது; நாம் வாழும் அழுத்தத்தில் கார்பனின் நிலையான வடிவம் பென்சிலில் இருக்கும் கிராஃபைட்தான். வைரம் கிராஃபைட்டாக மாற நினைத்துப் பார்க்க முடியாத காலம் ஆகும் என்பதால் நமக்குத் தெரிவதில்லை. ஆனால் காற்றில் நன்றாகச் சூடாக்கினால் எரிந்து கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடும்.

அந்தக் கல்லைத் தாங்கும் தங்கம்தான் என்னை வியக்க வைப்பது. அதன் அணுக்கருவில் 79 புரோட்டான்கள். அவ்வளவு வலுவான இழுப்பில், உள்வட்டத்து எலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் பாதிக்கும் மேலான வேகத்தில் ஓடுகின்றன. அந்த வேகத்தில் ஐன்ஸ்டைனின் சார்பியல் விளைவுகள் தலைகாட்டும். அணுவின் வெளி எலெக்ட்ரானும் சற்று உள்ளே இழுக்கப்படும். அதனால்தான் தங்கம் நீல ஒளியை விழுங்கி மஞ்சளாகத் தெரிகிறது. அதே இறுக்கம், ஆக்சிஜனுக்கு எலெக்ட்ரானைக் கொடுக்க விடாமல் தடுப்பதிலும் பங்கு வகிக்கிறது. வியர்வை பட்டாலும் சோப்பு பட்டாலும் சுத்தத் தங்கம் துருவும் பிடிக்காது, கறுக்கவும் செய்யாது. இப்படிப்பட்ட அணுக்கள் நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதும்போது பிறக்கின்றன என்பதற்கு 2017 ஆகஸ்ட் 17 அன்று சிக்கிய ஒரு மோதல் வலுவான சான்று தந்தது.

விண்ணில் பிறந்த அந்த உலோகத்தைப் பாறையிலிருந்து பிரித்தவர்களில் நம்மவர்கள் ஏராளம். பெங்களூரிலிருந்து கிழக்கே சுமார் 100 கிலோமீட்டரில் கோலார் தங்க வயல். வட ஆற்காடு, சேலம் பக்கங்களிலிருந்து போன ஏழைத் தமிழர்கள், பெரும்பாலும் தலித் மக்கள், மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி, கொதிக்கும் பாறையோடு மல்லுக்கட்டினார்கள். சுரங்கத்துக்காகத்தான் 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. பெங்களூருக்கு வெளிச்சம் வந்தது 1905இல்தான். சுமார் 120 ஆண்டுகளில் எண்ணூறு டன்னுக்குக் குறையாத தங்கம் வெளியே வந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டபோது, ஒரு டன் பாறையைப் பொடித்தாலும் சுமார் 3 கிராம்தான் தேறும் என்ற நிலை. ஒரு மோதிரத்துக்கு ஒரு டன் பாறை! அரைத்துக் கொட்டிய மண் இன்றும் அங்கே சைனைடு மேடுகளாக நிற்கிறது. தங்கத்தின் பெருமையைப் பேசும்போது பாறைத் தூசியைச் சுவாசித்த அந்தத் தொழிலாளிகளின் நுரையீரலையும் சேர்த்தே பேச வேண்டும்.

சுத்தத் தங்கம் மிருதுவானது. அதனால் ஆசாரி செம்பும் வெள்ளியும் கலந்து, ஆயிரத்துக்கு 916 பங்கு தங்கமாக்கி, கம்பியாக இழுத்து வளைத்து, முனைகளைப் பொடிவைத்து ஊதிப் பற்றவைக்கிறார். வைரம் பதிப்பதென்றால் பெரும்பாலும் இன்னும் கெட்டியான 18 காரட்டை எடுப்பார்கள்.

நிச்சயத்துக்கு என்ன வாங்கலாம் என்று யாராவது கேட்டால், வீட்டில் இருக்கும் பாட்டியின் பழைய கம்மலை உருக்கி இரண்டு மோதிரமாக அடித்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். செய்கூலியும் சேதாரமும் போகும்; அணுக்கள் அப்படியே இருக்கும். அவற்றில் சில கோலாரிலிருந்து வந்தவையாகவும் இருக்கலாம்.