04175 ஓர் எண்ணா?

டீயைக் குடி தம்பி, நிரல் எங்கேயும் ஓடிவிடாது. ரமணாசிரமத்துக்கு வருகிறவர்கள் தங்குகிற விடுதிக்குப் பதிவேடு எழுதுகிறாய். பெயர், தொலைபேசி, பின்கோடு, தங்கும் நாள், வாடகை. சி மொழியில் ஒவ்வொன்றுக்கும் முன்னால் அதன் வகையைச் சொல்லியாக வேண்டும். நீ இலக்கமாகத் தெரிந்ததற்கெல்லாம் 'இன்ட்', அதாவது முழு எண் என்று போட்டிருக்கிறாய்.

நம்மூர் எஸ்.டி.டி. கோடு 04175. அதை நிரலில் அப்படியே எழுதி அச்சிடச் சொல்லிப் பார், 2173 வரும். மெஷினுக்குப் பைத்தியமில்லை. முன்னால் பூஜ்யம் போட்டால் எட்டை அடிமானமாகக் கொண்ட எண் என்று எடுத்துக்கொள்வது சி-யின் பழைய வழக்கம். 4-ஐ 512-ஆல், 1-ஐ 64-ஆல், 7-ஐ 8-ஆல் பெருக்கி, 5-ஐயும் சேர்த்துப் பார், கணக்கு ஒத்துப்போகும்.

வகை போடுமுன் ஒன்றே ஒன்று கேள்: இதைக் கூட்டவோ பெருக்கவோ போகிறோமா? தங்கும் நாளை வாடகையோடு பெருக்குவோம், அது எண். (வாடகையைப் பைசாவாக முழு எண்ணில் வை, தசமம் வேண்டாம்.) இரண்டு பின்கோடுகளைக் கூட்டி யாருக்கு என்ன லாபம்? அதற்கு ஸ்ட்ரிங்தான், அதாவது எழுத்துச் சரம்.

வகைக்குள் இடத்தின் அளவும் அடக்கம். சிக்கனம் என்று பின்கோடுக்கு 16 பிட் 'ஷார்ட்' போட்டால் 32,767-க்கு மேல் கொள்ளாது. ஆசிரமத்தின் 606603 உள்ளே போய் 16779 ஆக வெளியே வரும். கம்பைலர் எச்சரிக்கத்தான் செய்யும், நாம்தான் படிப்பதில்லை. 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் கிளம்பி ஒரு நிமிடம்கூட ஆகாமல் வெடித்ததும் இந்த ரகத் தவறால்தான். 64 பிட் தசம எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணுக்குள் திணித்தார்கள்.

சரி, பெயர். ஸ்ட்ரிங் போட்டது சரி, அளவு? சோதனைக்கு 'ரமணாசிரமம்' என்றே அடித்துப் பார். நமக்கு அது 7 எழுத்து. யூனிகோடுக்கு 10, ஏனென்றால் துணைக்கால், இகரக் குறி, புள்ளி எல்லாம் அங்கே தனிக் கணக்கு. யூ.டி.எஃப்.-8-ல் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 30. முடிவுக்குறிக்கு ஒன்று சேர்த்தால் 31. நீ ஒதுக்கியிருப்பது 20. இதுவரை ஆங்கிலப் பெயராகவே போட்டுச் சோதித்திருப்பாய், அதனால் தெரியவில்லை. தமிழில் இப்படிக் கொஞ்சம் நீளமான பெயர் எழுதுகிற முதல் ஆள் வந்ததும் அடுத்த தகவலின் மேலேயே போய் எழுதிவிடும்.