துணையைப் பார்க்கத் தனி விசா இல்லை

அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தின் 214(பி) பிரிவு, சுற்றுலா விசா கேட்டு வருகிற ஒவ்வொருவரும் அங்கேயே தங்கிவிடத்தான் வருகிறார் என்று முதலிலேயே எடுத்துக்கொள்கிறது. அப்படி இல்லை என்று காட்ட வேண்டிய பொறுப்பு விண்ணப்பிப்பவருடையது. பேரன் பேத்தியைப் பார்க்கப் போகும் பெற்றோருக்கே இது சில சமயம் சங்கடம்தான். கணவனோ மனைவியோ அமெரிக்காவில் இருந்து, குடியேற்ற மனுவும் போட்டுவிட்டுக் காத்திருப்பவருக்கு இது பெருஞ்சுவர். "பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன்" என்று அவர் சொல்கிறார். "இவர் இங்கே நிரந்தரமாக வாழ வேண்டும்" என்று துணை கையெழுத்திட்ட மனு அதே அரசின் கோப்பில் இருக்கிறது. இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்கலாம். மனு நிலுவையில் இருப்பவர் பி-2 எனப்படும் சுற்றுலா விசா பெறக் கூடாது என்று சட்டத்தில் எங்கும் இல்லை. ஆனால் சில நிமிட நேர்காணலில் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருப்பவரை நம்பவைப்பது வேறு கதை.

குடியேற்ற நடைமுறை ஐ-130 என்ற மனுவில் தொடங்குகிறது. அமெரிக்கக் குடிமக்களும் கிரீன் கார்டு உள்ளவர்களும் தங்கள் துணைக்காக இதைக் குடிவரவுத் துறையிடம் கொடுக்கலாம். இதற்குக் கல்யாணப் பத்திரிகையும் ஆல்பமும் போதாது. பதிவுச் சான்றிதழ் வேண்டும். தமிழ்நாட்டில் எந்த மதத்தவரானாலும் திருமணத்தை 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. மண்டபத்தைக் காலி செய்த கையோடு சார்பதிவாளர் அலுவலகம் போய்வந்த குடும்பங்களுக்கு இந்த இடத்தில் அலைச்சல் மிச்சம். மனு ஏற்கப்பட்டதும் கோப்பு நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் போர்ட்ஸ்மத் நகரிலுள்ள தேசிய விசா மையத்துக்குப் போகும். கட்டணம், ஆவணங்கள், அமெரிக்க வறுமைக்கோட்டு அளவில் 125 சதவீதமாவது வருமானம் உண்டு என்று மனுதாரர் தரும் உறுதிப் பத்திரம் ஆகியவை சேர்ந்த பிறகே நேர்காணல் தேதி கிடைக்கும். இந்தியர்களுக்கு அது பெரும்பாலும் மும்பையில் நடக்கிறது, இலங்கையருக்குக் கொழும்பில்.

குடிமக்களின் துணைக்கு ஆண்டு உச்சவரம்பு கிடையாது. இருந்தும் எல்லாப் படிகளும் முடிய ஓராண்டுக்கு மேல் ஆவது சாதாரணம். கிரீன் கார்டு உள்ளவரின் துணை எஃப்2ஏ என்ற வரிசையில் நிற்க வேண்டும். அந்த வரிசையின் துணைகளுக்கும் சிறு பிள்ளைகளுக்குமாகச் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 88,000 விசாக்களே உண்டு. வெளியுறவுத் துறை மாதந்தோறும் வெளியிடும் விசா அறிக்கையில் தங்கள் தேதி வந்துவிட்டதா என்று பார்ப்பதே இவர்களுடைய மாத வழக்கமாகிவிடும்.

இதில் ஒரு முரண் உண்டு. ஹெச்-1பி விசாவில் வேலை பார்ப்பவர் தற்காலிக ஊழியர்தான். அவருடைய மனைவிக்கு ஹெச்-4 என்ற சார்பு விசா உடனுக்குடன் கிடைக்க வழியிருக்கிறது. 214(பி)யின் சந்தேகமும் அந்த வகைக்குப் பொருந்தாது. அதே ஊழியர் கிரீன் கார்டு பெற்று நிரந்தரவாசியான பிறகு கல்யாணம் செய்தால், மனைவி எஃப்2ஏ வரிசையில் போய் நிற்க வேண்டும். அந்தஸ்து உயர உயர மனைவி தூரமாகிறார். மென்பொருள் துறை மாப்பிள்ளைகள் உள்ள வீடுகளில் "கிரீன் கார்டு வருவதற்குள் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும்" என்று பேசிக்கொள்வதற்கு ஜாதகம் காரணமல்ல, இந்த விதிதான். கார்டு கைக்கு வருமுன் திருமணம் நடந்திருந்தால், மனைவியும் அதே மனுவின் கீழ்ப் பின்தொடர்ந்து வர முடியும்.

காத்திருக்கும் தம்பதிகளின் பிரிவை அமெரிக்க நாடாளுமன்றம் அறியாமல் இல்லை. 2000-ஆம் ஆண்டின் இறுதியில் நிறைவேறிய ஒரு சட்டம் கே-3, வி என இரண்டு விசாக்களை உண்டாக்கியது. மனு முடிவாகும்வரை அமெரிக்காவிலேயே சேர்ந்து இருக்கலாம் என்பதுதான் அவற்றின் நோக்கம். வி விசா, 2000 டிசம்பர் 21-க்குள் மனு போட்டு மூன்றாண்டு காத்திருந்தவர்களுக்கு மட்டும் என்பதால் காலப்போக்கில் தானே உதிர்ந்தது. கே-3 சட்டத்தில் இன்னும் இருக்கிறது, நடைமுறையில் இல்லாததுபோல்தான். அதற்கான தனி மனு பரிசீலனைக்கு வருவதற்குள் ஐ-130 முடிவாகிவிடுகிறது. முடிவானதும் கே-3 கோப்பு மூடப்படுகிறது. ஆகவே மிஞ்சுவது பி-2 மட்டுமே.

பி-2 கேட்பவர் நிரப்ப வேண்டியது டிஎஸ்-160 என்ற இணையப் படிவம். துணை அமெரிக்காவில் இருக்கிறாரா, உங்கள் பெயரில் யாராவது குடியேற்ற மனு கொடுத்திருக்கிறார்களா என்ற கேள்விகள் அதில் நேரடியாகவே இருக்கின்றன. "ஆம்" என்றால் விசா கிடைக்காமல் போகலாம். "இல்லை" என்று பொய் சொன்னால் ஆயுள் முழுவதும் அமெரிக்கா போக முடியாத தடையே வரலாம். பிறகு உரிய காலத்தில் வரவேண்டிய குடியேற்ற விசாவும் கைநழுவும். விலக்குக் கேட்க வழி உண்டு. ஆனால் தடையால் குடிமகனான அல்லது நிரந்தரவாசியான துணையோ பெற்றோரோ மிகக் கடுமையான துன்பத்துக்கு ஆளாவார் என்று நிறுவ வேண்டும். "ஒரு டிக் தானே" என்று யோசனை சொல்லும் ஏஜென்டுகளின் பேச்சை இந்த இடத்தில் கேட்காதிருப்பது நல்லது. மனு அரசின் கணினியில் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது. அதிகாரி அதைப் பார்த்துக்கொண்டேதான் கேள்வி கேட்கக்கூடும்.

நேர்காணலில் எடுபடுவது திரும்பி வருவதற்கான காரணங்கள். விடுப்பு அனுமதிக் கடிதத்தோடு நிலையான வேலை, பாதியில் இருக்கும் படிப்பு, ஊரில் கவனிக்க வேண்டிய தொழில், முன்பு வெளிநாடு போய்க் கெடுவுக்குள் திரும்பிய பாஸ்போர்ட் முத்திரைகள் ஆகியவை உதவும். கல்யாணத்துக்காக வேலையை விட்டுவிட்டு மாமனார் வீட்டில் காத்திருக்கும் இளம் மனைவிக்கு இவற்றில் எதுவும் இல்லை என்பதுதான் கொடுமை. அதிகம் மறுக்கப்படுவதும் அந்த நிலையில் இருப்பவர்கள்தான். குறுகிய பயணம், குறிப்பான காரணம் இரண்டும் சொல்ல முடிந்தால் கொஞ்சம் மேல். "கணவரோடு இருக்க" என்பதைவிட "நாத்தனார் கல்யாணத்துக்கு மூன்று வாரம்" என்பதில் முடிவுத் தேதி தெரிகிறது. அது உண்மையாக இருக்க வேண்டும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

மறுப்புக்கு மேல்முறையீடு இல்லை. 185 டாலர் கட்டணமும் திரும்ப வராது. மீண்டும் விண்ணப்பிக்கத் தடையில்லை என்றாலும், நிலைமை மாறாமல் போனால் பதிலும் மாறுவதில்லை. நீதிமன்றமும் பெரிதாக உதவாது. 2024 ஜூனில் முன்யோஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வெளிநாட்டுத் துணையை நாட்டுக்குள் அழைத்துக்கொள்வது குடிமக்களின் அடிப்படை உரிமை அல்ல என்று தீர்ப்பளித்தது. அது குடியேற்ற விசா மறுக்கப்பட்ட கணவரின் வழக்கு. சுற்றுலா விசாவுக்கு அதைவிட வலுவான உரிமை கோர இடமில்லை.

கல்யாணத்துக்கு முன்பே பத்தாண்டு பி-2 வாங்கி வைத்திருப்பவர்கள் உண்டு. மனு போட்டதால் அந்த விசா தானாக ரத்தாவதில்லை. அவர்களுக்குச் சோதனை விமான நிலையத்தில். விசா என்பது வாசல்வரை வர அனுமதி. உள்ளே விடுவதும் எத்தனை நாள் என்று முடிவு செய்வதும் எல்லைக் காவல் அதிகாரியின் கையில். அபுதாபி வழியாகப் போகிறவர்களுக்கு அந்தச் சோதனை அபுதாபியிலேயே முடிந்துவிடும், ஏனென்றால் அமெரிக்க அதிகாரிகள் அங்கேயே இருக்கிறார்கள். பெட்டியில் பட்டப்படிப்புச் சான்றிதழ்களும் வேலைக்கான சுயவிவரமும் குளிர்கால உடைகளும் அடுக்கியிருந்தால் மூன்று வாரப் பயணம் என்ற பேச்சு நிற்காது. சந்தேகம் வலுத்தால் தானே விண்ணப்பத்தை விலக்கிக்கொண்டு திரும்ப அதிகாரி அனுமதிக்கலாம். வெளியேற்ற ஆணையே பிறப்பித்தால் ஐந்தாண்டுத் தடை.

உள்ளே விட்டால் வழக்கமாக ஆறு மாதம் வரை தங்க அனுமதி கிடைக்கும். வேலை பார்க்கக் கூடாது, கல்லூரியில் சேரக் கூடாது. குடிமகனின் துணை சட்டப்படி நுழைந்தவர் என்றால் அங்கிருந்தபடியே கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கச் சட்டம் இடம் தருகிறது. அதனால்தான் ஆசையும் வருகிறது. ஆனால் அந்த நோக்கத்தை மறைத்து நுழைந்திருந்தால் அது பொய் சொல்லி வந்ததாகும். நுழைந்த 90 நாட்களுக்குள் விசாவுக்குப் பொருந்தாத காரியம் செய்தால் அப்படிக் கருதலாம் என்று வெளியுறவுத் துறையின் கையேடு 2017 முதல் சொல்கிறது. கெடு தாண்டி 180 நாட்களுக்கு மேல் தங்கிவிட்டு வெளியேறினால் மூன்றாண்டும், ஓராண்டு தங்கிவிட்டால் பத்தாண்டும் திரும்ப முடியாது.

பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள புதுச்சேரித் தமிழருக்கும் சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் பாதை வேறு. விசா இல்லாமல், இணைய அனுமதி மட்டும் பெற்று, 90 நாட்கள் வரை போகலாம். நீட்டிப்பு கிடையாது, திருப்பி அனுப்பினால் பெரும்பாலும் எதிர்த்து வாதிடும் உரிமையும் இல்லை.

கனடாவின் சட்டம் இதே கேள்விக்கு வேறு பதில் சொல்கிறது. அங்குள்ள 2001-ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் 22(2) பிரிவு, பின்னாளில் நிரந்தரமாகக் குடியேறும் எண்ணம் இருப்பதே இப்போதைய தற்காலிக வருகைக்குத் தடையாகாது என்கிறது. உரிய காலத்தில் திரும்புவார் என்று அதிகாரி நம்பினால் போதும். 2023 மே மாதம், காத்திருக்கும் துணைகளின் வருகை விசாக்களைப் பெரும்பாலும் 30 நாட்களில் முடிக்க முயல்வதாகவும் கனடா அறிவித்தது. டொராண்டோவில் துணை இருக்க யாழ்ப்பாணத்தில் காத்திருப்பவருக்கும் மறுப்பு வரலாம். ஆனால் அவர் தன் ஆசையை மறைக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

அமெரிக்க விஷயத்தில் பெரும்பாலான தம்பதிகள் கடைசியில் வந்து சேரும் தீர்வு, அங்கிருப்பவரே ஊருக்கு வருவதுதான். குடிமகனுக்கு இதில் தடையில்லை. இந்தியக் குடிமக்களின் வெளிநாட்டுத் துணைக்கு இந்தியா எக்ஸ் வகை நுழைவு விசா தருகிறது, பதிவான திருமணம் இரண்டாண்டு நிறைந்தால் ஓசிஐ அட்டைக்கும் விண்ணப்பிக்கலாம். கிரீன் கார்டு உள்ளவர் மட்டும் நாட்களை எண்ண வேண்டும்: ஒரே மூச்சில் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் குடியுரிமைக்கான காலக்கணக்குக் கெடலாம், மறுநுழைவு அனுமதி இல்லாமல் ஓராண்டு தாண்டினால் கார்டே கேள்விக்குள்ளாகும். விடுப்பு குறைவாக உள்ளவர்கள் துபாயிலோ பாங்காக்கிலோ சந்திக்கிறார்கள். இந்தப் பயணங்களின் டிக்கெட், ஓட்டல் ரசீது, போட்டோ எல்லாவற்றையும் பத்திரப்படுத்தி வைப்பது அவசியம். மும்பை நேர்காணலில், இது கார்டுக்காக நடந்த கல்யாணமா என்ற கேள்விக்குத் தூரத்தில் வாழும் தம்பதிகள் காட்டக்கூடிய வலுவான சான்றுகளில் அவையும் அடங்கும்.