துருவேறாத சிறு கத்தி

உடற்பயிற்சிக்குப் புறப்படுகிறவருக்குக் கத்தி எதற்கு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆயினும் கடற்கரையிலும் ஏரிக்கரையிலும் மலைப்பாதையிலும் நாள்தோறும் நடப்பவர், ஓடுபவர் சிலர் சட்டைப்பையில் ஒரு சிறு மடக்குக் கத்தியை வைத்திருப்பதுண்டு. நானும் அவர்களுள் ஒருவன். வழியில் வாங்கிய கொய்யாவை நறுக்கவும், காலில் சுற்றிய நைலான் நூலை அறுக்கவும், அடிபட்டவருக்குக் கட்டுத் துணி வெட்டவும் அது உதவுகிறது. கடலில் நீந்துவோருக்கும், சிறு படகில் துடுப்பு வலிப்போருக்கும் அதன் தேவை இன்னும் பெரிது. கைவிடப்பட்ட வலைத்துண்டு ஒன்று காலைச் சுற்றிக்கொண்டால், இழுக்க இழுக்க அது இறுகுமேயன்றி அறாது. அந்தக் கணத்தில் கத்தி திறக்க வேண்டும். திறந்ததும் வெட்ட வேண்டும். துருவேறி மடிப்பில் இறுகிப்போன கத்தி, இல்லாத கத்தியைவிடக் கெட்டது. ஏனெனில், அது கையிலிருக்கிறது என்ற நம்பிக்கையில் நாம் ஆழத்துக்குப் போயிருப்போம். ஆதலால், வியர்வைக்கும் உப்புநீருக்கும் ஈடுகொடுக்கும் கத்தியைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று இன்று ஆராய்வோம்.

முதலில் பகைவனை அறிந்துகொள்வோம். இரும்பு, நீர், காற்றிலுள்ள பிராணவாயு ஆகிய மூன்றும் கூடினால் துரு உண்டாகிறது. உப்பு இக்காரியத்தை விரைவுபடுத்துகிறது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. வியர்வையில் இருப்பது ஆளுக்கு ஆள் மாறுபடும். லிட்டருக்குச் சுமார் 1 முதல் 4 கிராம் வரை எனலாம். இது குறைவுதானே என்று எண்ணவேண்டாம். வியர்வையின் நீர் உலர்ந்துவிடும்; உப்பு கத்தியிலேயே தங்கிவிடும். நாளைய வியர்வை இன்றைய உப்பின்மேல் சேரும். மேலும், காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவிகிதத்தைத் தாண்டினால், சமையலுப்பு காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கசியத் தொடங்கும். சென்னை போன்ற கடலோர ஊர்களின் விடியற்காலையில் அவ்வளவு ஈரம் இருப்பது வழக்கம். ஆகவே, துடைத்துவிட்டோம் என்று நாம் நினைக்கும் கத்தி, உப்புப் படிந்திருக்கும்வரை உண்மையில் உலர்வதே இல்லை.

இதற்கு மாற்றாக வந்ததே துருப்பிடிக்காத எஃகு. இங்கிலாந்திலுள்ள ஷெஃபீல்டு நகரத்தில் ஹாரி பிரியர்லி என்பவர் 1913-ஆம் ஆண்டில், துப்பாக்கிக் குழல் விரைவில் தேய்ந்துபோவதைத் தடுக்க வழி தேடிக்கொண்டிருந்தார். அப்போது 12.8 சதவிகிதம் குரோமியம் கலந்து வார்த்த எஃகு, புளித்த காடிக்கும் எலுமிச்சைச் சாற்றுக்கும் அசையாமல் நின்றது. இது உணவு மேசைக் கத்திகளுக்கு ஆகும் என்று அவர் கண்டார். எஃகில் குரோமியம் சுமார் 10.5 சதவிகிதத்துக்கு மேற்பட்டால், அது காற்றோடு கூடி, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக மேற்பரப்பை மூடிக்கொள்கிறது. கீறல் விழுந்தாலும் அந்தப் படலம் தானே மீண்டும் உண்டாகிறது. உப்பிலுள்ள குளோரின் கூறு மட்டும் அதை ஆங்காங்கே துளைத்து, ஊசிமுனை போன்ற சிறு குழிகளை உண்டாக்க வல்லது. எனவே, துருப்பிடிக்காத எஃகு என்ற பெயருக்கு, எளிதில் துருப்பிடிக்காத எஃகு என்றே நாம் பொருள்கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு நியாயமான ஐயம் எழும். நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரம் பல்லாண்டு புளிக்குழம்பைத் தாங்குகிறதே, அதே எஃகில் கத்தி செய்தால் என்ன? செய்யலாம், ஆனால் அது வெட்டாது. கத்தியின் அலகு கூர்மை தாங்க வேண்டுமானால் கடினமாக இருக்கவேண்டும். கடினம் தருவது கார்பன். அந்தக் கார்பனோ, மிகுந்தால், குரோமியத்தைப் பற்றிக்கொண்டு தனித் துகள்களாகப் பிரிந்துவிடுகிறது. அப்படிச் சிறைப்பட்ட குரோமியம் படலம் உண்டாக்க உதவாது. டி2 என்னும் கருவி எஃகில் சுமார் 12 சதவிகிதம் குரோமியம் இருந்தும், ஏறத்தாழ ஒன்றரைச் சதவிகிதம் கார்பன் இருப்பதால், அது உப்புக்காற்றில் துருப்பிடிக்கிறது. சுமார் 1 சதவிகிதம் கார்பனும் 17 சதவிகிதம் குரோமியமும் உள்ள 440சி அதைவிட நன்றாகத் தாங்குகிறது. ஆக, கூர்மையும் துருவெதிர்ப்பும் ஒரே தராசின் இரு தட்டுகள் எனலாம்.

கடையில் காந்தத்தை வைத்துச் சோதிப்பவர்களுக்கும் ஒரு சொல். பெரும்பாலான எவர்சில்வர் பாத்திரங்களைக் காந்தம் பற்றாது. நல்ல கத்தி அலகைப் பெரும்பாலும் பற்றும். கடினமாக்கத்தக்க எஃகின் உள்ளமைப்பு வேறு என்பதே காரணம். காந்தம் பற்றியது என்பதற்காக நல்ல கத்தியைப் போலி என்று தள்ளிவிடவேண்டாம்.

தராசின் இரு தட்டுகளையும் ஓரளவு சமன்செய்யும் வழி ஒன்றும் கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. கார்பனில் பெரும்பகுதியைக் குறைத்து, அதன் இடத்தில் நைட்ரஜனைச் சேர்ப்பதே அது. நைட்ரஜன் எஃகுக்குக் கடினம் தரும். கார்பனைப்போலக் குரோமியத்தைச் சிறைப்பிடிப்பதில்லை. ஜப்பானில் உருவான எச்1 என்னும் எஃகு இவ்வகையினது. எல்சி200என் என்பது மற்றொன்று. அதில் சுமார் 0.3 சதவிகிதம் கார்பன், 0.4 சதவிகிதம் நைட்ரஜன், 15 சதவிகிதம் குரோமியம் உண்டு. கடலில் பயன்படும் கத்திகளுக்கு இவை பேர்போனவை. 2021-இல் லாரின் தாமஸ் என்னும் உலோகவியலார் வடிவமைத்து வெளிவந்த மேக்னாகட், துருவெதிர்ப்போடு நீடித்த கூர்மையையும் தருவது. இவற்றின் விலை அதிகம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்படியானால் யார் எதை வாங்குவது? உள்ளூர்ப் பூங்காவில் நடப்பவருக்குச் சாதாரணத் துருப்பிடிக்காத எஃகே போதும். சுவிட்சர்லாந்தில் கார்ல் எல்செனர் 1884-இல் தொடங்கிய பட்டறை, 1921-க்குப் பின் விக்டோரினாக்ஸ் என்ற பெயர் பெற்றது. அந்தப் பெயரின் பிற்பாதியான இனாக்ஸ் என்பதற்கே துருப்பிடிக்காத எஃகு என்பது பொருள். அவர்களுடைய 58 மில்லிமீட்டர் நீளச் சிறு கத்தி சுமார் 20 கிராம் எடையே உள்ளது. ஓடும்போது பையில் குதிக்காது. வியர்வை மிகுந்தவரும், கடற்கரையில் ஓடுபவரும், கார்பன் குறைந்து குரோமியம் மிகுந்த அலகைத் தேடவேண்டும். கடலில் இறங்குவோர் மட்டும் நைட்ரஜன் எஃகுக்குப் பணம் செலவிடுவது தகும்.

அலகைப் பார்த்தபின் பிடியையும் கீலையும் பாருங்கள். துரு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இடத்திலேயே தொடங்குகிறது. அலகு பளபளவென்றிருக்க, உள்ளேயுள்ள வில்லும் திருகாணியும் மட்டமான எஃகாக இருப்பதுண்டு. ஆகவே அவையும் துருப்பிடிக்காதவைதாமா என்று கேளுங்கள். உட்புறம் திறந்து, நீர் வழிந்தோட இடமுள்ள கத்தி, மூடிய பெட்டி போன்ற கத்தியைவிட மேலானது. மரப்பிடி அழகுதான், ஆனால் ஈரத்தில் ஊதி அலகை இறுக்கும். பிரான்சின் சவோய் நாட்டு ஓப்பினெல் கத்தி 1890 முதல் புகழ்பெற்றது. அதில் கார்பன் எஃகு, துருப்பிடிக்காத எஃகு என இருவகை அலகுகள் உண்டு. எந்த அலகை வாங்கினாலும் பிடி பெரும்பாலும் மரமே என்பதை நினைவில் வையுங்கள். வியர்வைக் கைக்கு வழுக்காத சொரசொரப்பான பிடி வேண்டும். மஞ்சள் போன்ற பளிச்சென்ற நிறம், மணலிலோ புல்லிலோ விழுந்தால் கண்டெடுக்க உதவும். கயிறும் வலையும் அறுப்பவருக்கு ரம்பப் பல் அமைந்த, முனை மழுங்கிய அலகு ஏற்றது. பதற்றத்தில் தன் உடம்பையே குத்திக்கொள்ளும் ஆபத்து அதில் குறைவு. எவ்வகையாயினும் கத்தியை மடித்தே வையுங்கள். திறந்த கத்தியோடு ஓடுவது உயிரோடு விளையாடுவதாகும்.

பேணும் முறை மிக எளிது. வீடு திரும்பியதும் கத்தியைத் திறந்து, நல்ல தண்ணீரில் கழுவி உப்பை நீக்குங்கள். துணியால் துடைத்து, திறந்தபடியே சிறிது நேரம் காயவிடுங்கள். வாரம் ஒருமுறை கீலில் ஒரு துளி எண்ணெய் விடுங்கள். பழம் நறுக்கும் கத்திக்கு இயந்திர எண்ணெய் ஆகாது. உண்ணத்தகுந்த வகை கனிம எண்ணெய் நல்லது. தேங்காயெண்ணெய் அவசரத்துக்கு உதவும், நாளடைவில் பிசுக்காகும்.

துருப்பிடித்த கத்தி பட்டால்தான் வில்வாத ஜன்னி வரும் என்று பலர் நம்புகிறார்கள். அந்நோயைத் தருவது துருவன்று. மண்ணிலும் சாணத்திலும் வாழும் ஒருவகை நுண்கிருமி. பளபளக்கும் கத்தியானாலும் ஆழமாகக் குத்திய, மண்பட்ட காயம் ஆபத்தானதே. காயத்தைக் கழுவி, மருத்துவரிடம் தடுப்பூசி பற்றிக் கேட்டுக்கொள்வது கடமை.

இறுதியாகச் சட்டம். 1959-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின்கீழ் அமைந்த விதிகளின்படி, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள், வீடு, வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கென அமைந்தவை நீங்கலாக, படைக்கல வகையில் அடங்கும். நமக்கு வேண்டியதோ இரண்டு, மூன்று அங்குலமே. இங்கிலாந்துக்குச் செல்வோர் அறியவேண்டியது வேறு: அங்கே 3 அங்குலத்துக்கு மேற்படாத, திறந்தபின் பூட்டிக்கொள்ளாத மடக்குக் கத்தியையே தக்க காரணமின்றிப் பொது இடத்தில் வைத்திருக்கலாம். விமானத்தில் கைப்பையில் கத்தி வைக்காதிருப்பதே நல்லது. கூட்டம் மிகுந்த இடத்தில் தேவையின்றிக் கத்தியை வெளியே எடுக்காதிருப்பது சட்டத்துக்கும் மேலான நாகரிகம்.

கத்தி வாங்கும்போது விலைச்சீட்டைப் பார்ப்பதற்குமுன், நான் எங்கே பயிற்சி செய்கிறேன், எவ்வளவு வியர்க்கிறேன், அதனால் எதை வெட்டப்போகிறேன் என்ற மூன்று கேள்விகளை உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். விடை தெளிவானால் கத்தியும் தெளிவாகும். வாங்கியபின் மாதம் ஒருமுறையேனும் ஈரக்கையால் அதைத் திறந்து ஒரு கயிற்றை அறுத்துப் பாருங்கள். வேண்டிய கணத்தில் அது திறக்குமா என்பதை வீட்டு முற்றத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது.