டாங்கியின் கவசம்

பீர்மேட்டில் ஆனியும் ஆடியும் மழைக்கே உரிய மாதங்கள். அங்குள்ள தேயிலைத் தோட்டத்து லயங்களின் தகரக் கூரைகள் நன்கு சரிந்திருப்பதை அவ்வழியே சென்றவர்கள் கண்டிருப்பர். கூரை தட்டையாயின் நீர் தேங்கித் தகரத்தை அரித்துவிடும். சரிவாயின் மழை வழுக்கி ஓடிவிடும். அத்தகைய லயம் ஒன்றின் திண்ணையில் நாம் மழைக்கு ஒதுங்கியிருந்தபோது ஓர் அம்மையார் நம்மிடம் ஒரு வினா எழுப்பினார். அவருடைய மகன் ராணுவத்தில் டாங்கி ஓட்டுபவர். நாம் மத்திய அரசில் மொழிபெயர்ப்பாளர் என்று அறிந்திருந்தமையால், நமக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என அவர் எண்ணிவிட்டார் போலும். "ஏன்யா, எம் மவன் உக்காந்து ஓட்டுற வண்டி இரும்பு எம்புட்டுக் கனம்? குண்டு பட்டாத் தாங்குமா?" என்றார்.

அன்று நாம் சொன்ன விடை அரைகுறையானது. பின்னர் தேடிப் படித்தவற்றை நேயர்களுக்கு ஈண்டுக் கூறுகின்றோம்.

நம் ராணுவத்தின் டாங்கிகளில் பெரும்பாலானவை ரஷ்ய வமிசத்தைச் சேர்ந்தவை. எனினும் அவற்றுள் பல பிறந்த ஊர் சென்னையை அடுத்த ஆவடி. அங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலை 1961-இல் நிறுவப்பெற்றது. 1965-இல் அங்கிருந்து வெளிவந்த முதல் டாங்கியான 'விஜயந்தா' பிரிட்டிஷ் வடிவமைப்பு. அதன் பின்னர் டி-72 எனும் சோவியத் டாங்கி 'அஜேயா' என்ற பெயரிலும், டி-90 என்பது 'பீஷ்மா' என்ற பெயரிலும் அங்கு உருவாயின. முழுவதும் ஆவடியிலேயே ஆக்கப்பெற்ற முதல் பத்து பீஷ்மா டாங்கிகள் 2009 ஆகஸ்டில் ராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டன. ஆதலின் இக்கதை நமக்குத் தொலைவான கதையன்று.

தொடக்கம் டி-34. மிகயீல் கோஷ்கின் என்பவர் தலைமையில் கார்க்கவ் நகரில் வடிவமைக்கப்பெற்ற டாங்கி அது. 1940 மார்ச்சில், கடும் பனியினூடே, இரண்டு மாதிரி வண்டிகளை அவர் மாஸ்கோவரை ஓட்டுவித்துக்கொண்டு சென்றார். அப்பயணத்தில் பற்றிய நுரையீரல் நோய் அவ்வாண்டு செப்டம்பரில் அவர் உயிரைக் கவர்ந்தது. அவ்வண்டியின் முகத்தகடு 45 மில்லிமீட்டர் எஃகுதான். ஆனால் அது நிமிர்ந்து நிற்கவில்லை. நிமிர்கோட்டிலிருந்து 60 பாகை சாய்ந்து கிடந்தது. வாழைத்தண்டைக் குறுக்கே வெட்டினால் கிடைக்கும் வில்லைக்கும், சாய்த்து வெட்டினால் கிடைக்கும் வில்லைக்கும் உள்ள வேற்றுமையை நினைவு கூர்க. நேர்முகமாக வரும் குண்டு அச்சாய்ந்த தகட்டினூடே 90 மில்லிமீட்டர் எஃகைக் கடந்தாக வேண்டும். 1941-இல் ஜெர்மானியர் தம் 37 மில்லிமீட்டர் பீரங்கியால் சுட்ட குண்டுகள் இவ்வண்டியின்மேல் பட்டுத் தெறித்தன. அப்பீரங்கிக்கு அவர்தம் வீரர்களே 'கதவு தட்டும் கருவி' எனக் கேலிப் பெயர் சூட்டினர்.

சாய்த்ததால் எடை மிச்சமாயிற்று என்று பலர் எழுதுகின்றனர். இது முற்றும் சரியன்று. அதே உயரத்தை மறைக்கச் சாய்ந்த தகடு இருமடங்கு நீளம் வேண்டும். கணக்கு ஏறத்தாழச் சமமாகிவிடும். உண்மையான ஆதாயம், தகரக் கூரையில் மழைத்துளி போலக் குண்டு வழுக்கித் திசைமாறுவதே.

எல்லா சோவியத் டாங்கிகளும் கவசத்தை நம்பியவையல்ல என்பதையும் சொல்ல வேண்டும். நீரில் நீந்தும் பி.டி-76 வண்டியின் கவசம் எவ்விடத்தும் 20 மில்லிமீட்டரைத் தாண்டாது. 1971 நவம்பரில், கிழக்கு வங்கத்து கரீப்பூரில், நமது 45-ஆவது குதிரைப்படையினர் இம்மெல்லிய வண்டிகளைக் கொண்டே பாகிஸ்தானின் சாஃபி டாங்கிகளை எதிர்த்து வென்றனர். அப்படைப்பிரிவை நடத்திய மேஜர் தல்ஜித் சிங் நாரங் அங்கு உயிர்நீத்தார். மகாவீர சக்கர விருது அவருக்கு மறைவுக்குப்பின் அளிக்கப்பெற்றது.

இனி, எஃகை மட்டும் தடிப்பாக்கிக்கொண்டே போக முடியாமற் போன காரணத்தைக் காண்போம். உட்புறம் கூம்பாகக் குழிந்த வெடிமருந்து, அக்குழிவின்மேல் பதித்த மெல்லிய செப்புத் தகடு: இவ்விரண்டும் கொண்ட குண்டு வெடிக்கும்போது செம்பு ஒடுங்கி ஊசிபோல் நீண்டு பாய்கிறது. அதன் முனையின் வேகம் வினாடிக்கு 8 கிலோமீட்டருக்கும் மேற்பட்டது. அது எஃகை உருக்கிச் செல்வதாகச் சொல்வது பிழை. அளவிறந்த அழுத்தத்தால் எஃகை விலக்கிக்கொண்டு செல்கிறது. தோளில் தாங்கிச் சுடும் சிறு குழாயால் ஒரு காலாள் வீரன் இதனை எய்துவிட இயலும்.

சோவியத் பொறியாளர் கண்ட விடை, அடுக்குக் கவசம். 1960-களில் வந்த டி-64 டாங்கியின் முகத்தில் முதலில் 80 மில்லிமீட்டர் எஃகு, அடுத்து 105 மில்லிமீட்டர் கண்ணாடி இழைப் பலகை, உட்புறம் 20 மில்லிமீட்டர் எஃகு என அடுக்கினர். ஒரே பொருளைத் துளைப்பது ஊசிக்கு எளிது. மாறிமாறி வரும் பொருள்களில் அது சிதறித் தன் கூர்மையை இழக்கிறது. டி-72-உம் இவ்வழியையே பின்பற்றியது. இத்தனையையும் சுமந்தும் டி-72-இன் எடை 41 டன் அளவே. நம் நாட்டு 'அர்ஜுன்' முதல் வகையோ 58 டன்னுக்கு மேல்.

1980-களில் வந்ததோ விந்தையானது. கவசத்தின்மேல் சிறு பெட்டிகள். ஒவ்வொன்றினுள்ளும் இரு மெல்லிய தகடுகளிடையே வெடிமருந்து. பகைவன் ஊசி உள்ளே புகுந்ததும் பெட்டி வெடிக்கிறது. தகடுகள் பிரிந்து பறந்து ஊசியைக் குறுக்கே வெட்டிச் சிதைக்கின்றன. 1982-இல் லெபனானில் இஸ்ரேல் இதனை முதலில் போரில் காட்டியது. அடுத்த ஆண்டே சோவியத் படையும் 'கன்டாக்ட்' என்ற பெயரில் ஏற்றது. இதற்குத் தமிழில் என்ன பெயர் இடுவது? 'எதிர்வினைக் கவசம்' என்பது அகராதிக்கு ஏற்றது. கேட்பவருக்கு ஒன்றும் விளங்காது. 'எதிர்வெடிக் கவசம்' என்றே நாம் வழங்குவோம். பின்னர் வந்த 'கன்டாக்ட்-5' செப்பு ஊசியை மட்டுமன்றி, பீரங்கியிலிருந்து விரையும் நீண்ட உலோகக் கோலையும் ஓரளவு முறிக்க வல்லது. நம் பீஷ்மா டாங்கிகளின் முகப்பில் காணும் ஆப்பு வடிவக் கட்டிகள் இவையே. அஜேயா டாங்கிகளுக்கு நம் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தார் செய்த எதிர்வெடிக் கவசம் பூட்டப்பெற்றது.

இவற்றிற்கெல்லாம் ஒரு விலை உண்டு. டி-72-இல் குண்டு திணிக்கும் ஆள் இல்லை, இயந்திரமே திணிக்கிறது. அதனால் மூவர் போதும், வண்டியும் 2.2 மீட்டர் உயரத்தில் அடங்கிவிடுகிறது. ஆனால் 22 குண்டுகளும் அவற்றின் உந்துமருந்தும் சுழற்கோபுரத்தின் அடியில் வட்டத்தட்டில் அடுக்கப்பட்டுள்ளன. தலைவரும் சுடுபவரும் அதன்மேல்தான் அமர்ந்திருக்கின்றனர். முகக் கவசம் எத்துணை உறுதியாயினும், பக்கத்திலிருந்தோ மேலிருந்தோ ஓர் ஊசி அத்தட்டை எட்டின் மருந்து பற்றிக்கொள்ளும். கோபுரமே பிடுங்கி எறியப்படும். 1991-இல் ஈராக்கிலும், 1994 இறுதியில் தொடங்கிய குரோஸ்னி நகரச் சண்டையிலும், 2022 முதல் உக்ரைனிலும் உலகம் இதனைக் கண்டது. குரோஸ்னியில் பல வண்டிகளின் எதிர்வெடிப் பெட்டிகளில் மருந்தே இடாமல் அனுப்பினர் என்பது இன்னும் வருந்தத்தக்கது.

குண்டை வழியிலேயே வீழ்த்தும் முறைகளும் உள. 'துரோஸ்த்' எனும் கருவி 1980-களின் தொடக்கத்திலேயே டி-55 வண்டிகளில் பொருத்தப்பட்டது; ரேடாரால் வரும் குண்டைக் கண்டு சிதறுகுண்டால் தாக்குவது அது. டி-90-இன் 'ஷ்தோரா' தன் இரு செவ்விளக்குகளால் ஏவுகணையின் வழிகாட்டும் கருவியைக் குழப்புவது. இந்தியா வாங்கிய டி-90-களில் இவ்விளக்குகள் இல்லை.

மீண்டும் பீர்மேட்டுக்குச் சென்றபோது அவ்வம்மையாரிடம் இவற்றைச் சுருக்கிச் சொன்னோம். அவர் மகன் அமர்வது முகத்தகட்டின் பின்னே, நடுவில். முன்னால் வரும் குண்டுக்கு அங்கேதான் கவசம் மிகுதி. மேற்புறமோ மெலிவானது என்பதையும் மறைக்கவில்லை.

"அப்ப மேல ஒரு கூரையைப் போட்டா என்னய்யா?" என்றார்.

போட்டிருக்கின்றனர். 2022-இல் உக்ரைனுள் புகுந்த ரஷ்ய டாங்கிகள் சிலவற்றின் கோபுரத்தின்மேல் இரும்புக் கம்பிகளால் ஆன பந்தல் நின்றது. தொடக்கத்தில் அதனைக் கண்டு நகைத்தவர் பலர். மேலிருந்து பாயும் பெரிய ஏவுகணைகளை அது தடுக்கவுமில்லை. பின்னர்ச் சிறு டிரோன்கள் வெடிமருந்தைச் சுமந்து கூட்டமாக வரத் தொடங்கியபோது இரு தரப்பினரும் அப்பந்தலைக் கட்டிக்கொண்டனர். கம்பியில் பட்டு முன்கூட்டியே வெடிப்பின், செப்பு ஊசி தகட்டை அடையுமுன் சற்றே சிதறுகிறது. சில வண்டிகளில் தகரமும் கம்பிவலையும் கொண்டு நாற்புறமும் மூடிவிட்டமையால், அவை தோட்டத்துக் கொட்டகைகள் நகர்ந்து வருவது போன்றே தோன்றுகின்றன.